இருநூற்றுப் பதின்மூன்றாவது பொருள்

நான் காப்பாளராகப் பொறுப்பேற்ற அன்று பதிவேட்டில் இருநூற்றுப் பதினான்கு பொருள்கள் இருந்தன. கூடத்தில் எண்ணிப் பார்த்தால் இருநூற்றுப் பன்னிரண்டுதான் இருந்தன. மூன்று நாள் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நான்காம் நாள் காலையில் விஷயம் பிடிபட்டது. முன்பிருந்த எழுத்தர் வாசலில் நின்றபடியே எண்ணியிருக்கிறார். அங்கிருந்து பார்த்தால் கூடத்தின் கோடியிலிருக்கும் ஆளுயரக் கண்ணாடியில் இரண்டு நாற்காலிகள் தெரியும். அவற்றையும் சேர்த்துக்கொண்டுவிட்டார். இதை விளக்கித் தலைமை அலுவலகத்துக்கு ஒன்றரைப் பக்கம் எழுதினேன். பதில் வரவில்லை.

இது ஐம்பதுகளின் தொடக்கத்தில், ஓசூரில். இன்று மூக்கண்டப்பள்ளிப் பக்கம் தொழிற்சாலைச் சங்கு ஊதினால் ஷிப்ட் மாறுகிறது என்று அர்த்தம். அன்று சங்கு ஊதினால் யாரோ செத்துப்போனார் என்று அர்த்தம். ஊரில் குளிரும் குதிரை வண்டியும் கால்நடைப் பண்ணையும் இருந்தன. அவற்றோடு எங்கள் அலங்காரக் கலைக் காட்சிச்சாலையும் இருந்தது. பழைய ஜமீன் குடும்பம் ஒன்று தன் பங்களாவையும் அதிலிருந்த சாமான்களையும் அரசாங்கத்திடம் ஒப்படைத்துவிட்டுப் போயிருந்தது. சாமான்கள் எல்லாம் பெங்களூர் ராணுவத் தண்டிலிருந்து சீமைக்குத் திரும்பிய வெள்ளைக்காரர்கள் ஏலத்தில் விட்டவை. பீங்கான் தட்டுகள் எண்பத்தெட்டு. கண்ணாடி விளக்குகள் முப்பத்தொன்று. கடிகாரங்கள் ஒன்பது, ஒன்றும் ஓடாது. சீன விசிறிகள் பதினான்கு, பொடி டப்பிகள் நாற்பது, நாற்காலிகள் பதினேழு, நிலைக்கண்ணாடிகள் பன்னிரண்டு, பியானோ ஒன்று. கூட்டிப் பார்த்துக்கொள்ளலாம்.

பட்டணத்துக்குப் போய்வந்த சிலர், அங்கே மியூசியத்தைச் சொல்கிற மாதிரியே, எங்கள் இடத்தையும் செத்த காலேஜ் என்றார்கள். முதல் மாதம் முப்பத்தேழு பேர் வந்தார்கள். அதில் இருபத்திரண்டு பேர் மழைக்கு ஒதுங்கியவர்கள். ஒன்பது பேர் தாலுகா ஆபீசுக்கு வழி கேட்டவர்கள். மீதி ஆறு பேர் காவல்காரரின் உறவினர்கள்.

உண்மையில் நான் படம் எழுதுகிறவன். சென்னையில் ஓவியப் பள்ளியில் ஆறு வருஷம் படித்தவன். காப்பாளர் வேலை சோற்றுக்கு, படம் எனக்கு என்று பிரித்து வைத்திருந்தேன். இந்தப் பக்கத்துப் பாறைகளைப் பார்த்த நாளே இவற்றை அறுபது படங்களாக எழுதிவிடுவது என்று முடிவு செய்தேன். மாலையில் அலுவலகத்தைப் பூட்டியதும் சைக்கிளில் ராயக்கோட்டைச் சாலையில் போய் ஏதாவது ஒரு பாறைக்கு எதிரே உட்கார்ந்துவிடுவேன். மாடு ஓட்டிப்போகிறவர்கள் நின்று பார்ப்பார்கள்.

"எதுக்கு சார் பாறையை எழுதறீங்க? அது எங்க ஓடிப் போவப் போவுது?"

இந்தக் கேள்வியை இரண்டு வருஷத்தில் பதினாறு பேர் கேட்டார்கள். பத்தொன்பது படங்கள் முடிந்திருந்தபோதுதான் சென்னையிலிருந்து அதிகாரி வந்தார்.

அவர் என் மேலதிகாரி. குட்டையானவர். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு கூடத்தை ஒரு சுற்று சுற்றினார். எண்பத்தெட்டுத் தட்டுகளையும் பார்த்தார். பிறகு என்னிடம் திரும்பினார்.

"இதுல இந்த ஊர்க்காரன் கையால செஞ்சது எது?"

யோசித்தேன். பொய் சொல்வது என் வழக்கமில்லை.

"ஜன்னல் கம்பி, சார்."

அவர் சிரிக்கவில்லை. "மாசி மாசம் மறுபடி வருவேன். அதுக்குள்ள இந்தப் பக்கத்து ஜனங்களோட அலங்காரக் கலைன்னு ஒரு பொருளாவது இங்க இருக்கணும். இல்லேன்னா இது காட்சிச்சாலை இல்லை, ஏலக்கடை. தட்டெல்லாம் மெட்ராசுக்கு வந்துடும். கட்டடம் தாலுகா ஆபீசுக்குப் போகும்."

"நான், சார்?"

"பாடம் பண்ணின பறவைங்க பிரிவுல ஒரு இடம் காலியா இருக்கு. நாலாயிரம் பறவை. உமக்குத்தான் எண்ணுறது பிடிக்குமே."

எனக்கு இறகு ஆகாது. தலையணை உதறினாலே ஒன்பது தும்மல் வரும். நாலாயிரம் பறவைக்கு எத்தனை என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். மேலும், எழுத வேண்டிய பாறைகள் நாற்பத்தொன்று பாக்கி. சென்னையில் பாறை கிடையாது. வேலையிலும் நான் இன்னும் நிரந்தரமாகவில்லை. மாசிக்கு மூன்று மாதம் இருந்தது.

அடுத்த இரண்டு வாரத்தில் பதினோரு ஊர்கள் போனேன். போன இடத்திலெல்லாம் "நீங்கள் அலங்காரமாக எதைச் செய்வீர்கள்?" என்று கேட்டேன். பத்து ஊர்களில் என்னைப் புடவை வியாபாரி என்று நினைத்தார்கள். பதினோராவது ஊர் ஒரு பெரிய ஏரிக்கு மேற்கே இருந்தது. மேற்கூர் என்றே வைத்துக்கொள்கிறேன். அங்கே ஒரு நிலத்துக்காரர் என் கேள்வியைக் கவனமாகக் கேட்டுவிட்டு எதிர்க்கேள்வி போட்டார்.

"அலங்காரம்னா, பொண்ணுக்கா, சாமிக்கா, எருதுக்கா?"

பெண்ணின் நகையையும் சாமியின் நகையையும் யாரும் தரமாட்டார்கள். எருதுக்கு என்றேன். அவர் என்னை மாட்டுக் கொட்டகைக்கு அழைத்துப்போனார்.

இந்தப் பக்கத்தில் பொங்கல் முடிந்ததும் ஒவ்வோர் ஊராக எருது விடுவார்கள். தெருவின் இரண்டு பக்கமும் ஜனம் நிற்க, நடுவில் எருது ஓடும். அதன் இரு கொம்புகளுக்கும் நடுவே ஒரு தட்டி கட்டியிருக்கும். மூங்கில் பட்டையைப் பின்னி, துணி ஒட்டி, வர்ணம் எழுதி, ஓரத்தில் ஜிகினாவும் குஞ்சமும் வைத்தது. ஓடுகிற எருதிடமிருந்து அதைப் பறிக்க வேண்டும். பறித்தவனுக்கே தட்டி சொந்தம். யாராலும் பறிக்க முடியாமல் எருது தெருக்கோடியைத் தாண்டிவிட்டால் தட்டி வீட்டுக்குத் திரும்பிக் கொட்டகையில் தொங்கும். அப்படித் தொங்கிக்கொண்டிருந்தது ஒன்று. மூன்றடி அகலம். ஏழு வர்ணம். நடுவில் ஒரு தாமரை, அதன் இரு பக்கமும் மயில். நான் ஆறு வருஷம் படித்தும் அந்தச் சிவப்புக்குப் பக்கத்தில் அந்தப் பச்சையை வைக்கத் துணிந்திருக்கமாட்டேன். அது அங்கே ஜம்மென்று உட்கார்ந்திருந்தது.

எருதுக்காரர் வீட்டில் தெலுங்கு பேசினார். என்னிடம் தமிழ் பேசினார். எருதிடம் கன்னடம் பேசினார். கன்னடத்துப் பக்கம் வாங்கிய எருதாம்.

"இது விலைக்கு ஆவாதுங்க. பறிச்சா எடுத்துக்கலாம். பறிக்கறீங்களா?"

எருது என்னை ஏற இறங்கப் பார்த்தது.

"இல்லை," என்றேன்.

அவர் கொஞ்ச நேரம் மீசையைத் தடவினார். "பாறை பாறையா எழுதிக்கினு ஒருத்தர் திரியறாருன்னு சொன்னாங்கோ. நீங்கதானா அது? இந்தப் பொங்கலுக்குப் புதுத் தட்டி கட்டோணும். எழுதிக் குடுங்க. பழசை எடுத்துக்கினு போங்க. வித்ததாவும் இல்ல, குடுத்ததாவும் இல்ல. நீங்க வெச்சிருக்கீங்க. அவ்வளவுதான்."

ஒப்புக்கொண்டேன். அவர் வீட்டு முற்றத்தில் ஐந்து நாள் உட்கார்ந்து எழுதினேன். முதல் மயிலை எழுதி முடித்ததும் ஏழெட்டுப் பேர் கூடிவிட்டார்கள்.

"ஏன் சார் ஒரு பக்கமா அழுக்கா இருக்குது?"

"அது நிழல். வெளிச்சம் இந்தப் பக்கமிருந்து வருகிறது."

"எருது ஓடற பக்கமெல்லாம் வெளிச்சம் வரும் சார். நிழலு தானா விழும். நீங்க எதுக்கு எழுதறீங்க?"

நிழலை அழித்தேன். தாமரைக்கு ஆழம் காட்டியிருந்தேன். அதைச் சேறு என்றார்கள். அதையும் அழித்தேன். ஐந்து நாளில் ஆறு வருஷப் படிப்பு முழுவதும் போனது. கடைசி நாள் எருதுக்காரரின் மனைவி ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தார்.

"எல்லாம் சரிதான். மயிலு ஊரைப் பாக்குது. எருதையில்ல பாக்கோணும்."

"இப்போது கண்ணை மாற்றினால் கழுத்தையும் மாற்ற வேண்டும், அம்மா."

"மாத்தாட்டிப் போவுது. எருது கோவிச்சுக்கினா நான் கேக்கமாட்டேன்," என்று உள்ளே போய்விட்டார்.

பொங்கல் முடிந்து அந்தத் தட்டியைக் கட்டிக்கொண்டு எருது ஓடியது. இருபதாவது அடியிலேயே யாரோ பறித்துவிட்டார்கள். எருதுக்கும் முன்னங்கால் சுளுக்கிக்கொண்டது. ஊரே மயிலின் கண்ணைக் குற்றம் சொன்னது. பறித்த தட்டியை நான்கு பேர் இழுத்து நான்கு துண்டாகப் பிய்த்தார்கள். என் வாழ்நாளில் நூற்று நாற்பத்தாறு படங்கள் எழுதியிருக்கிறேன். அதில் ஜனங்கள் அடித்துக்கொண்டது அந்த ஒன்றுக்குத்தான்.

பழைய தட்டி அதற்குள் காட்சிச்சாலைக்கு வந்துவிட்டது. இருநூற்றுப் பதின்மூன்று என்று எண் கொடுத்தேன். தட்டுகளுக்கு எதிரேயுள்ள சுவரில் மாட்டி, கீழே ஒரு விவரச் சீட்டு வைத்தேன். மொழிவாரியாக மாநிலம் பிரிக்கப் பேச்சு நடந்துகொண்டிருந்த காலம் அது. ஓசூர் எந்தப் பக்கம் போனாலும் சீட்டை மாற்ற வேண்டியிராதபடி தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றிலும் எழுதினேன். மூங்கில் பட்டைகள் எத்தனை, குஞ்சங்கள் எத்தனை, வர்ணங்கள் எத்தனை எல்லாம் எழுதினேன். கடைசி வரி: "மூன்று ஆண்டுகள், இருபத்தாறு ஓட்டங்கள். இதுவரை எவரும் பறித்ததில்லை."

நான் செய்த தவறு அந்தக் கடைசி வரிதான். தகவல் என்று நினைத்து எழுதினேன். எந்தப் பீங்கான் தட்டின் கீழும் எதை எழுதி வைத்தாலும் சண்டைக்கு யாரும் வரமாட்டார்கள். அந்தப் பழக்கத்தில் எழுதிவிட்டேன்.

தை மாதம் மட்டும் நானூற்றுப் பதினெட்டுப் பேர் வந்தார்கள். செருப்பை வாசலில் விட்டுவிட்டு நேரே தட்டிக்குப் போவார்கள். எல்லோருக்கும் அதைத் தொட்டுப் பார்க்க வேண்டும். நாள் முழுவதும் நான் பக்கத்திலேயே நின்று மூன்று மொழியிலும் தொடாதீர்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு சந்தை நாளில் அறுபத்து மூன்று முறை சொன்னேன். தொண்டைக்கு மிளகுக் கஷாயம் வைத்துக் குடித்தேன்.

மாசி பிறந்த வாரம் ஐந்து பேர் வந்தார்கள். ஏரிக்குக் கிழக்கே இருக்கும் ஊர்க்காரர்கள். அதைக் கிழக்கூர் என்று வைத்துக்கொள்ளலாம். அவர்களுக்குத் தலைவர் போல வந்தவர் ஒரு கல்லுடைக்கும் மேஸ்திரி. கையைத் தூக்காமலே வாசல் நிலையைத் தொடுவார் போலிருந்தார். தட்டியின் முன்னால் நின்று அதைத் தொடப் போனார். நான் தடுத்தேன். நாலு தரம் போனார், நாலு தரமும் தடுத்தேன். பிறகு கையைக் கட்டிக்கொண்டு காவல்காரரைக் கூப்பிட்டார்.

"மாமா, இதுல என்ன எழுதியிருக்குதுன்னு படி."

காவல்காரர் தமிழில் படித்தார்.

"தெலுங்குல?"

"அதேதான்பா."

"கன்னடத்துல?"

"அதேதான்."

மேஸ்திரி என் பக்கம் திரும்பினார். "ஒரு பாசையில வைஞ்சா பத்தாதுங்களா சார்? மூணு பாசையிலயும் நிக்க வெச்சு வையறீங்களே."

"நான் யாரையும் வையவில்லை. நடந்ததை எழுதியிருக்கிறேன்."

"யாரு சொன்னது?"

"எருதுக்காரர்."

"எருதையே கேட்டிருக்கலாம். அது நெசத்தைச் சொல்லியிருக்கும்." கூட வந்தவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "மொத வருசம் எங்க ஊர்ல அம்மை. ஒருத்தரும் ஊரைத் தாண்டல. ரெண்டாம் வருசம் ஏரி உடைஞ்சுபோச்சு, சாக்குல மண்ணு அள்ளிக்கினு இருந்தோம். மூணாம் வருசம் எங்களைக் கூப்புடவே இல்ல. இது எந்தச் சீட்டுல இருக்குது?"

அவர் சொன்னது நியாயம். என் சீட்டு அரைகுறைத் தகவல். கீழே சேர்த்து எழுதுவதாகச் சொன்னேன்.

"எழுத வேணாங்க. எருதை விடச் சொல்லுங்க, பறிச்சுக் காட்டறோம்."

"எருது நொண்டுகிறது."

"அப்ப தட்டியை யாரு வெச்சிருக்காங்களோ அவங்கதான் எருது. எங்க ஊர்ல ஒருதரம் எருது செத்துப்போய் எங்க சின்னப்பாவே தட்டி கட்டிக்கினு ஓடினாரு. ரெண்டு பல்லு போச்சு. ஆனா மரியாதை போவல."

என் பற்கள் அப்போது முப்பத்திரண்டும் இருந்தன. இரண்டு நாள் தவணை கேட்டுவிட்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு மேற்கூருக்குப் போனேன். கடைசி வரியை மட்டும் நீக்கிவிடலாமா என்று எருதுக்காரரிடம் கேட்டேன். அவர் எருதின் காலுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார்.

"ஒரு எழுத்து கொறைஞ்சாலும் தட்டியை அவுத்துக்கினு வந்துடுவேன் சார்."

"அவர்கள் என்னை ஓடச் சொல்கிறார்கள்."

"ஓடுங்களேன். பண்ணையில கவர்மெண்டு எருது இருக்குது இல்லீங்களா, அந்த மாதிரி. கவர்மெண்டு எருது தோத்துதுன்னா எங்களுக்கு ஒண்ணும் கேவலமில்ல. ஜெயிச்சுதுன்னா எங்க தட்டி."

ஆக, வரியை எடுத்தால் தட்டி போகும். தட்டியைப் பறித்தாலும் போகும். தட்டி போனால் அதிகாரிக்குக் காட்ட ஜன்னல் கம்பிதான் மிச்சம். அதற்குப் பிறகு நாலாயிரம் பறவைகள். சென்னையிலிருந்து அதிகாரி வருகிறார், அவர் சொல்கிறபடி செய்யலாம் என்று இரண்டு ஊருக்கும் சொல்லி அனுப்பினேன். இந்த மாதிரிக் காரியத்தை எந்த அதிகாரியும் அனுமதிக்கமாட்டார் என்று நம்பினேன். வீட்டில் சொன்னேன். என் மனைவி சேலத்துக்காரி. அரிசி களைந்துகொண்டே கேட்டாள்.

"சரி, கொம்புக்கு எந்தக் கலரு அடிக்கறது?"

"விளையாடாதே. வேலை போகிற விஷயம்."

"நானா வெளையாடறேன்? ஊரே உங்களை வெச்சு வெளையாடுது. பழைய வேட்டியைக் கட்டிக்கிட்டுப் போங்க. புதுசைக் கிழிச்சுக்கிட்டு வந்துடாதீங்க."

அதிகாரி வந்தது சந்தை நாள். ஜீப்பில் வந்து இறங்கினார். பதிவேட்டை வாங்கிக்கொண்டு தட்டுகளிலிருந்து தொடங்கினார். எண்பத்தாறாவது தட்டுக்கு வரும்போது வெளியே தம்பட்டம் கேட்டது.

"யாரு?"

"பார்வையாளர்கள், சார்."

"எதுக்குத் தம்பட்டம்?"

சொல்வதற்குள் எருதுக்காரர் ஒரு பக்கமும் மேஸ்திரி ஒரு பக்கமுமாக உள்ளே வந்துவிட்டார்கள். இருவரும் ஒரே சமயத்தில் விஷயத்தைச் சொன்னார்கள். அதிகாரி தட்டிக்கு எதிரே போய் நின்றார். அதையும் சீட்டையும் மாறி மாறிப் பார்த்தார். கால் மணி நேரம் கேள்விகள் கேட்டார். எத்தனை தூரம் ஓடும், பிடிக்கும்போது எருதைத் தொடலாமா, கயிற்றைப் பிடிக்கலாமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக் குறித்துக்கொண்டார்.

"அப்ப இது ஓடினாத்தான் தட்டி. செவுத்துல மாட்டினா மூங்கில்." என்னைப் பார்த்தார். "நீர் இது ஓடிப் பாத்திருக்கீரா?"

"இல்லை, சார். கேள்விப்பட்டதுதான்."

"பாக்காத பொருளையா பதிவேட்டில ஏத்தினீர்? நீரே ஓடும்."

"சார், அரசாங்கச் சொத்து. சேதமானால்..."

"சேதம்னு கையெழுத்துப் போட நான் இருக்கேன்."

கூடத்துக்குள் ஓடமாட்டேன் என்று மட்டும் சொன்னேன். முப்பத்தொரு கண்ணாடி விளக்குகள் இருந்தன. வாசல் படியிலிருந்து கேட் வரை என்று முடிவாயிற்று. நான் தினமும் எண்ணி நடக்கிற தூரம் அது. நடந்தால் தொண்ணூற்றாறு அடி. ஓடினால் எத்தனை என்று தெரியாது. அதுவேறு கவலை.

எருதுக்காரர் என் தலையில் துண்டை நாலு சுற்று சுற்றி, அதன்மேல் தட்டியை வைத்து, மோவாய்க்குக் கீழே கயிற்றால் இழுத்துக் கட்டினார். மூச்சு விடுவதே கஷ்டமாக இருந்தது.

"நேரா ஓடாதீங்க. எங்க ஓடறோம்னு யோசிச்சும் ஓடாதீங்க. எருது யோசிக்காது."

"எனக்கு யோசிக்காமல் இருக்க வராது."

"தெரியும். அதான் பயமா இருக்குது." அவர் என் முதுகில் ஒரு தட்டு தட்டிக் கன்னடத்தில் ஏதோ சொன்னார். அவர் எருதிடம் சொல்வது அது.

எருதைப் பிடிப்பதுபோல் என் இடுப்பில் கட்டிய கயிற்றைக் காவல்காரர் பிடித்துக்கொண்டிருந்தார். தம்பட்டம் உச்சத்துக்குப் போனது. கயிற்றை விட்டார். ஓடினேன்.

முதல் பத்தடிக்கு யாரும் வரவில்லை. எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். பதினெட்டாவது அடியில் ஒருவன் குறுக்கே வந்தான். நான் பயந்து ஒதுங்கியது அவனுக்குச் சாமர்த்தியமாகத் தெரிந்ததாம், பிறகு சொன்னார்கள். இருபத்தேழில் ஒருவன் குஞ்சத்தைத் தொட்டான். முப்பத்து மூன்றில் இரண்டு பேர் ஒருவர்மேல் ஒருவர் மோதிக்கொண்டு விழுந்தார்கள். அதில் என் பங்கு ஒன்றுமில்லை. கேட் எதிரே தெரிந்தது. அப்போது எனக்கு மேலே ஒரு நிழல் விழுந்தது. மேஸ்திரியின் கை. விரல்கள் தட்டியின் விளிம்பைப் பிடித்தன. உலர்ந்த துணி மொடமொடவென்றது.

அந்தச் சத்தம் என் காதில் விழுந்ததும் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"தொடாதீர்கள். முட்டுகோவத்து. முட்டபேடி."

தினம் எந்தக் குரலில் சொல்வேனோ அதே குரல். மேஸ்திரியின் கை சட்டென்று பின்னால் போய்விட்டது. மூன்றாவது மொழியைச் சொல்லி முடிக்கும்போது நான் கேட்டைத் தாண்டி, சந்தைக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு தக்காளிக் கூடையின்மேல் விழுந்திருந்தேன். சிவப்பைப் பார்த்துத் தம்பட்டம் நின்றது. முழங்கால் மட்டும்தான் சிராய்ப்பு. தட்டி தலையிலேயே இருந்தது. ஒரு குஞ்சம் குறைந்திருந்தது. அதைப் பிறகு தேடி எடுத்துவிட்டேன்.

வழக்கு அங்கேயே ஆரம்பித்தது. ஒன்றரை மணி நேரம் நடந்தது.

"எருது பேசலாமா?" என்றார் மேஸ்திரி. "பேசினா அந்த ஓட்டம் செல்லாது."

"ஏன், என் எருதும்தான் ஓடறப்ப கத்தும்."

"கத்தும். மூணு பாசையில கத்துமா?"

எருதுக்காரர், "பறிக்கலன்னா பறிக்கலதான்," என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். கடைசியில் இரண்டு பேரும் அதிகாரியைப் பார்த்தார்கள். அவர் மேஸ்திரியிடம் கேட்டார்.

"பிடிச்சுட்டீர் இல்லையா? அப்புறம் ஏன் கையை எடுத்தீர்?"

மேஸ்திரி தன் கையைத் திருப்பிப் பார்த்தார். "எனக்கே தெரியலீங்க. இவரு அந்தக் கொரலுல சொன்னாருன்னா கை தானா பின்னால போவுது. போன வாரம் நாலு தரம் சொன்னாரு."

கூட்டம் முழுவதும் தலையாட்டியது. அங்கிருந்த எல்லோரிடமும் ஒரு தடவையாவது நான் அதைச் சொல்லியிருந்தேன்.

அதிகாரி சொன்ன தீர்ப்பு இது: மேற்கூரின் வரி அப்படியே இருக்கும். அதன் கீழே கிழக்கூருக்கு ஒரு வரி. "கிழக்கூரார் தட்டியைத் தொட்டனர். தொடாதீர்கள் என்று கேட்டுக்கொண்டதால் மரியாதைக்காக விட்டனர்." மேஸ்திரி அதை மூன்று முறை படிக்கச் சொல்லிக் கேட்டார். மூன்று மொழியிலும் வேண்டும் என்றார். எருதுக்காரர் விரலால் அளந்து பார்த்தார்.

"எங்களுதை விட நீளமா இருக்குது."

"உங்களுது மேல இருக்குது இல்ல," என்றார் மேஸ்திரி.

இருவரும் அதை ஏற்றுக்கொண்டார்கள். அதிகாரி ஜீப்பில் ஏறும்போது அன்று வந்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்டார். எண்ணியிருந்தேன். அறுநூற்றுப் பத்து.

"அதுல தட்டுகளைப் பாத்தவங்க?"

"நீங்கள் ஒருவர்தான், சார்."

பதினைந்து நாளில் உத்தரவு வந்தது. முதல் பத்தி: எண்பத்தெட்டுத் தட்டுகளும் சென்னைக்கு அனுப்பப்பட வேண்டும். இரண்டாவது பத்தி: காட்சிச்சாலை தொடரும், காப்பாளர் நிரந்தரமாக்கப்படுகிறார், காலியாகும் சுவர்களில் இந்த வட்டாரத்துப் பொருள்களை மாட்ட வேண்டும். இரண்டாவது பத்தியை நாலு தரம் படித்தேன். பிறகு போய்த் தட்டுகளின் எதிரே உட்கார்ந்தேன். இரண்டு வருஷத்துக்கு மேல் தினம் எண்ணியவை. ஒன்றையும் எனக்குப் பிடித்ததில்லை என்றாலும் ஒன்றும் குறைந்ததில்லை. பெட்டிகளில் அடுக்க வைக்கோல் வேண்டியிருந்தது. இரண்டு ஊரும் போட்டி போட்டுக்கொண்டு ஒவ்வொரு வண்டி அனுப்பின. தேவைப்பட்டது கால் வண்டி. அடுக்க வந்த மேஸ்திரி ஒரு தட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "இதுல எந்த எருது ஓடிச்சு சார்?" என்று கேட்டார். ஒன்றும் ஓடவில்லை என்றேன். பாவம் என்றார். சென்னைக்குப் போய்ச் சேர்ந்தபோது எண்பத்தெட்டும் முழுசாக இருந்ததாக ரசீது வந்தது.

சித்திரை முடிவதற்குள் ஏழு தட்டிகள் வந்துவிட்டன. ஒவ்வொன்றும் ஒவ்வொரு வரியோடு வந்தது. குருபரப்பள்ளிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் தங்கள் வரியைக் காகிதத்தில் எழுதி, எழுத்துகளை எண்ணிக்கொண்டே வந்திருந்தார்கள். கிழக்கூரின் வரியை விட நாலு எழுத்து கூடுதலாக இருக்க வேண்டுமாம். அந்த ஜனங்களை எனக்குப் பிடித்திருந்தது.

உத்தரவில் மூன்றாவது பத்தி ஒன்றும் இருந்தது. காப்பாளர் இனி எந்தக் காரணத்துக்காகவும் காட்சிப் பொருளைத் தலையில் கட்டிக்கொண்டு ஓடக் கூடாது. அடுத்த பொங்கலுக்கு யார் எருது என்று பேச எருதுக்காரரும் மேஸ்திரியும் வந்தபோது அந்தப் பத்தியை அவர்களுக்கு வாசித்துக் காட்டினேன். இருவரும் இன்னொரு முறை வாசிக்கச் சொன்னார்கள்.

"காப்பாளர்னுதானே போட்டிருக்குது?" என்றார் எருதுக்காரர்.

"ஆமாம்."

"காவல்காரர்னு போடல இல்ல?" என்றார் மேஸ்திரி.

இரண்டு ஊரும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனதை நான் அன்றுதான் முதலில் பார்த்தேன். மூன்று பேரும் திரும்பி வாசலைப் பார்த்தோம். அங்கே காவல்காரருடைய ஸ்டூல் மட்டும் இருந்தது. மறுநாள் காலை என் மேஜைமேல் அவர் கையெழுத்தில் ஒரு மனு கிடந்தது. இடது மூட்டு, வலது மூட்டு, இடுப்பு என்று மூன்று இடங்களில் தமக்கு வலி இருப்பதாகவும், அது தை மாதத்தில் மட்டும் அதிகமாவதாகவும் எழுதியிருந்தார்.